கடல் எத்தனை மீற்றர்?

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. மகள் நிவேதா. வேலை நேரத்தில் அவள் எனக்கு எடுப்பதில்லை. நான் எடுத்தாலும் "என்னம்மா இப்ப" என்று சலித்துக்கொள்வாள். அன்றைக்கு "அம்மா, பயப்பிடாதீங்கோ" என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பயம்தான். எஞ்சின் நின்றுவிட்டது, அலை படகைத் தூக்கிப் பாறையில் அடித்துவிட்டது, மாமாவுக்குக் கால் முறிந்துவிட்டது, இரண்டு பேரும் ஆறாம் முனைக்குக் கீழே ஒரு பாறைத் திட்டில் ஏறியிருக்கிறோம் என்றாள். பிறகு அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அந்த அழைப்பு மணியை நான் மாற்றிவிட்டேன். வேறு யாருடைய தொலைபேசியிலாவது அதே மணி அடித்தால் இப்போதும் உடனே நிவேதாவுக்கு எடுத்துப் பார்க்கிறேன். அந்தக் கதையை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன கிழமை சுஜீவன் அனுப்பிய செய்தி என்னை உட்கார வைத்தது. என்னோடு வேலை செய்த ட்ரோன் ஓட்டி அவன். இப்போது ட்ரோன் பகுதிக்கே பொறுப்பாளன். புதிதாக வந்திருக்கும் ட்ரோன் நிலத்தைத் தானே பார்த்து உயரத்தைத் தானே வைத்துக்கொள்கிறதாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கணினியில் ஏன் ஒத்திகை பார்க்க வேண்டும், கடலை ஏன் தொட வேண்டும் என்று கேட்கிறார்களாம். "அக்கா, நான் சொன்னால் சிரிக்கிறாங்கள். நீங்கள் எழுதித் தாங்கோ" என்று முடித்திருந்தான்.

ஆகவே எழுதுகிறேன்.

நான் திருகோணமலைக் கரையோரத்தில் சல்லி என்ற ஊரில் பிறந்தவள். நகரத்துப் பாடசாலையில் கணிதம் படித்து, நில அளவை அலுவலகம் ஒன்றில் படவரைஞராகச் சேர்ந்தேன். பென்சிலும் மைப்பேனையுமாகச் சில ஆண்டுகள் போயின. நாடு பட்ட பாட்டில் இடையில் வேலையும் இருக்கவில்லை, வரைய நிலமும் இருக்கவில்லை. கணவர் இறந்த பிறகு நானும் நிவேதாவும் மட்டும் என்று ஆனது. அப்போதுதான் திருகோணமலை நகரில் இர்ஷாத் சேர் ஒரு சிறிய அளவை நிறுவனம் தொடங்கினார். ட்ரோனால் படமெடுத்து வரைபடம் செய்யும் வேலை. ஒரு பறப்பைத் திட்டமிட்டு, அதை முதலில் கணினிக்குள் பறக்கவிட்டுப் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். ட்ரோனை நான் கையால் தொட்டதும் இல்லை. "பரவாயில்ல, உயரம் வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்று என்னை எடுத்துக்கொண்டார்.

அந்த வேலைக்குப் பயந்த ஆள்தான் பொருத்தம் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். நான் நிலாவெளி வீதியைக் கடப்பதையே நிவேதா நடித்துக் காட்டுவாள். வீதிக் கரையில் ஒருமுறை நிற்பேன். வெள்ளைக் கோட்டில் ஒருமுறை நிற்பேன். மறுகரையில் ஏற முதல் சைக்கிள் ஏதும் வருகிறதா என்று இன்னொருமுறை நிற்பேன். "எங்கட அம்மா ஒரு றோட்டை மூண்டு றோட்டாக் கடப்பா" என்று வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் கோபிப்பதில்லை. பேருந்துகள் அந்த வீதியில் எப்படி வருகின்றன என்று பார்த்தவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள்.

இர்ஷாத் சேர் கிண்ணியாக்காரர், என்னை விட வயதில் இளையவர். குரல் உயர்த்த மாட்டார். அவரிடம் ஒரேயொரு பழக்கம் இருந்தது. யாராவது ஓர் உயரத்தைச் சொன்னால், கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "எதிலிருந்து?" என்று கேட்பார். பதில் வரும்வரை அந்தத் தேநீரை மறுபடி எடுக்க மாட்டார். அது ஆறிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க நமக்குத்தான் பதற்றமாக இருக்கும். ஒரு விடுதி உரிமையாளர் வந்து தன் கட்டடம் பன்னிரண்டு மீற்றர் என்றார். "எதிலிருந்து?" "நிலத்திலிருந்துதான், வேறென்ன?" "முன்வாசல் நிலமா, பின்வாசல் நிலமா?" விடுதி கடலை நோக்கிச் சரிந்த மண்ணில் நின்றது. அந்த மனிதர் தன் வீட்டை முதன்முறையாகப் பார்ப்பவர் போல யோசித்துக்கொண்டு போனார். நிவேதா என்னை விட வளர்ந்துவிட்டாள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். தேநீர் கீழே போனது. "செருப்போடயா, செருப்பில்லாமலா?"

சிரிப்பாக இருந்தாலும் அந்தக் கேள்விதான் எங்கள் வேலை முழுவதும். ட்ரோனுக்கு உயரம் சொல்ல மூன்று பூச்சியங்கள் உண்டு. ஒன்று, அது கிளம்பிய இடம். மலையில் நின்று கிளப்பினால் மலை பூச்சியம், கடற்கரையில் கிளப்பினால் மணல் பூச்சியம். இரண்டாவது, கடல்மட்டம். மூன்றாவது, செய்மதி வைத்திருக்கும் பூச்சியம். பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாகக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்பிலிருந்து செய்மதி எண்ணுகிறது. உண்மையான கடல் அந்தக் கற்பனை உருண்டையோடு ஒட்டிக் கிடப்பதில்லை. சில நாடுகளில் அதற்கு மேலே நிற்கிறது, சில நாடுகளில் கீழே. எங்கள் தீவைச் சுற்றிய கடல்தான் உலகத்திலேயே மிகத் தாழ்ந்து கிடக்கும் கடல்களில் ஒன்று. திருகோணமலையில் அலையில் காலை நனைத்துக்கொண்டு செய்மதிக் கருவியைப் பார்த்தால், நாங்கள் பூச்சியத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் மீற்றர் கீழே நிற்பதாகக் காட்டும். முதன்முறை பார்த்தபோது கருவி பழுது என்று நினைத்தேன்.

வேறு நாட்டில் இந்தப் பூச்சியங்களை மாற்றி எடுத்தால் ஒரு மரத்தின் உயரம் பிழைக்கும். இங்கே ஒரு மலையின் உயரம் பிழைக்கும். அதனால் எங்கள் அலுவலகத்தில், செய்மதிக் கருவியிலிருந்து வரும் எந்த உயரத்துக்கும் அந்தத் தொண்ணூற்றுச் சொச்சத்தைக் கையால் கூட்டுவது பல் தீட்டுவது போல ஒரு பழக்கமாகிவிட்டது. சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டே "கூட்டியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம்.

பூச்சியம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை நிலாவெளியில் ஒருமுறை பார்த்தோம். ஒரு விடுதியைச் சுற்றிப் படமெடுக்கும் வேலை. சுஜீவன் முதல் நாள் விடுதியின் மொட்டை மாடியில் நின்று திட்டத்தைச் செய்தான். அது மாடியிலிருந்து கிளம்புவதாகவே வைத்து நான் ஒத்திகை பார்த்தேன், அழகாகப் பறந்தது. மறுநாள் காலையில் மாடிக் கதவு பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் இன்னும் வரவில்லை. "இஞ்சயிருந்து கிளப்பினா என்ன" என்று மணலில் வைத்துக் கிளப்பிவிட்டான். மாடி பூச்சியமாக இருந்த திட்டம் மணலைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு, ஒரு மாடிக் கட்டடத்தின் அளவுக்குத் தாழ்ந்து பறந்தது. தென்னை மரங்களின் தலை சரியாக அந்த உயரத்தில்தான் இருந்தது. ஓலையில் அடிபட்டு, சுழன்று, கடலில் விழுந்தது.

அந்த நேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மணலில் தலையில் கை வைத்து நிற்க, வலை மெதுவாகக் கரையேறியது. சூடை மீனுக்கு நடுவில் எங்கள் ட்ரோன் நாலு காலையும் விரித்துக்கொண்டு கிடந்தது. வலைக்காரர் ஒருவர் அதை வாலில் பிடிப்பது போலத் தூக்கி, "அக்கா, இது குழம்புக்கோ பொரியலுக்கோ?" என்று கேட்டார். பங்கு பிரிக்கும்போது அதற்கும் ஒரு பங்கு உண்டா என்று இன்னொருவர் கேட்டார். சுஜீவனை அந்தக் கரையில் இன்றைக்கும் "பறவை மீன் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இர்ஷாத் சேர் ஏசவில்லை. உப்புத் தண்ணீர் வடியும் ட்ரோனை மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்கே ஒரு விதி போட்டார். இனி எந்தத் திட்டத்துக்கும் கடல்மட்டம்தான் பூச்சியம்; எந்தப் பறப்புக்கும், ஒத்திகை தொடங்க முதல், கணினியில் மேடுபள்ளத்தோடு இருக்கும் நிலவுருவத்தில் கடலைத் தொட வேண்டும். கணினி எலியைக் கொண்டுபோய்க் கடலின் மேல் அழுத்தினால், அந்த இடத்தின் உயரம் திரையில் வரும். "நாம பிழை விடலாம். கடல் விடாது. கடல் பூச்சியம் எண்டு சொன்னா, மத்ததெல்லாம் சரி. வேற எதைச் சொன்னாலும், பறப்பு இல்ல." எங்கள் வேலையெல்லாம் கரையோரத்தில்தான், எந்த வரைபடத்திலும் ஒரு மூலையிலாவது கடல் இருக்கும். அப்படித் தொடுவதற்கு இரண்டு விநாடி கூட ஆகாது.

அந்த விதியோடு பல ஆண்டுகள் போயின. துறைமுகத்துக்கு வெளியே நகரப் பக்கத்துக் கரையைக் கடலரிப்பு ஆய்வுக்காகத் துண்டு துண்டாகப் பிரித்துப் படமெடுத்தோம். ஆறாவது துண்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு செங்குத்துப் பாறை. அதைத்தான் ஆறாம் முனை என்போம். அது அலுவலகத்துப் பெயர்தான், ஆனால் நான் வீட்டில் ஓயாமல் கதைத்ததால் நிவேதாவுக்கும் தெரியும். அவள் படித்து முடித்துக் கடற்புல் ஆய்வு செய்யும் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். கடலுக்குப் போவது என் தம்பி சின்னராசாவின் படகில். அவன்தான் அவளுடைய மாமா. நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பேன். அவள் ஒவ்வொரு முறையும் போவாள்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

தொலைபேசி அறுந்தபோது நான் அலுவலகத்தில் கதிரையில் இருந்தேன். சுஜீவன்தான் அவசர உதவிக்கு அறிவித்து, என்னைக் கையைப் பிடித்து அலுவலக வான் வண்டியில் ஏற்றினான். காலை வேலைக்குக் கொண்டுபோன பாரம் தூக்கும் ட்ரோன் வானுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று கூட நான் நினைக்கவில்லை.

நாங்கள் காட்டுப் பாதையால் முனையின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடற்படைப் படகு ஒன்று கீழே வந்திருந்தது. அலை பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் எந்தப் படகும் நெருங்க ஏலாது. அது சற்று வெளியே நின்று, இரண்டு பேரும் உயிரோடு திட்டில் இருக்கிறார்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தது. கயிற்றில் இறங்கும் மீட்புக் குழு மேலே வந்திருந்தது. தலைவர் சிங்களவர், அரைத் தமிழ் பேசினார். அவரே முதலில் இறங்கிப் பார்த்தார். பிரச்சினை என்னவென்றால், பாறை நடுவில் கூரை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திட்டு அந்தக் கூரைக்குக் கீழே உள்வாங்கி இருந்தது. கயிற்றில் தொங்கியவர் திட்டிலிருந்து கயிறு வீசினாலும் எட்டாத தூரத்தில் காற்றில் ஆடினார். உள்ளே ஊஞ்சலாடப் பார்த்துத் தோள் பாறையில் அடிபட, மேலே இழுத்தார்கள். கீழே இருப்பவர்களிடம் ஒரு நூல் போய்ச் சேர்ந்தால், அதைப் பிடித்துத் தன்னை உள்ளே இழுத்துவிடுவார்கள், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு எங்கள் வானுக்குள் இருந்த ட்ரோன் பெட்டியைக் காட்டி, அது நூல் கொண்டுபோகுமா என்று கேட்டார்.

கொண்டுபோகும். ஆனால் பாரத்துக்கான கொக்கியை மாட்டினால் கமராவைக் கழற்ற வேண்டும். மேலே நின்று பார்த்தால் திட்டு தெரியாது. கண்ணும் இல்லை, கமராவும் இல்லை. போகும் பாதையை முன்கூட்டியே எழுதித்தான் அனுப்ப வேண்டும். கூரைக்கும் திட்டுக்கும் இடையிலான வெளிக்குள் அது நுழைய வேண்டும். உயரம் கூடினால் கூரையில் அடிபடும், குறைந்தால் அலை வாங்கிக்கொண்டு போய்விடும். காலை வேலையில் பற்றரிகள் தீர்ந்து, முழுதாக ஒரு சோடி மட்டும் மிச்சம். ஒரு தரம் போகலாம். இரண்டாம் தரம் இல்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. இருட்ட முன்னர் திட்டின் மேல் அலை ஏறும் என்று படகிலிருந்து சொன்னார்கள்.

எங்களிடம் ஆறாம் முனையின் முழு நிலவுருவமும் இருந்தது. நாங்களே எடுத்தது. சுஜீவன் வானின் பின்கதவைத் திறந்து மடிக்கணினியை வைத்து, கை பறக்கப் பறக்கத் திட்டத்தை எழுதினான். நான் அதற்குள் இர்ஷாத் சேருக்கு எடுத்தேன். அவர் கிண்ணியாவில் ஒரு கல்யாண வீட்டில் நின்றார். அங்கிருந்தே சீனன்குடா விமானத்தளத்தோடு பேசி அனுமதி வாங்கினார். விமானம் ஒன்று இறங்க வருகிறது, கடலிலிருந்து எழுபது மீற்றருக்கு மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, பேருந்து பிடிக்கவா கார் எடுக்கவா என்று தனக்குள் புலம்பிக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

நான் திரும்பி வந்தபோது சுஜீவன் ஒத்திகையை ஓடவிட்டிருந்தான். திரையில் சின்ன மஞ்சள் ட்ரோன் உச்சியிலிருந்து கிளம்பி, வெளியே போய், கீழே இறங்கி, கூரைக்கு அடியில் நுழைந்து, திட்டுக்கு நேர் மேலே போய் நின்றது. பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. சின்னராசாவின் மனைவி தவமணி. சல்லியிலிருந்து ஓட்டோவில் வந்திருந்தாள். மீட்புக் குழுக்காரரும் தலையாட்டினார்கள். சுஜீவன் எழும்பி ட்ரோனைத் தூக்கப் போனான்.

நான் கணினிக்கு முன்னால் குந்தினேன். என் கை தானாகவே எலியைப் பிடித்துக் கடலுக்குப் போனது.

தொண்ணூற்று நான்கு.

மறுபடி வேறு இடத்தில் தொட்டேன். தொண்ணூற்று நான்கு.

"சுஜீவன்," என்றேன். "கடல் மலையில நிக்குது."

அவன் ட்ரோனை விட்டுவிட்டுத் திரைக்கு ஓடி வந்தான். நடந்தது இதுதான். புதிய மென்பொருள் வந்த பிறகு அந்தத் தொண்ணூற்றுச் சொச்சத்தைக் கணினியே கூட்டிவிடுகிறது, நாங்கள் கூட்டத் தேவையில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில், அந்தப் பதற்றத்தில், அவன் கை அதை இன்னொருமுறை கூட்டிவிட்டது. கணினிக்குள் கடலும் பாறையும் திட்டும் எல்லாம் சேர்ந்து தொண்ணூற்று நான்கு மீற்றர் மேலே போய்விட்டன. எல்லாமே ஒன்றாகப் போனதால் ஒத்திகையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வெளியே இருக்கும் பாறை அப்படிப் போகவில்லை. திட்டு கடலிலிருந்து ஆறு மீற்றர். ட்ரோன் நிற்க வேண்டியது பதினாறில். அந்தத் திட்டத்தோடு கிளப்பியிருந்தால் அது கீழே இறங்காது. நூற்றுப் பத்துக்கு ஏறி, நாங்கள் நின்ற உச்சிக்கும் மேலே, விமானம் வரும் பாதைக்குள் போய் நின்று, நூலைக் காற்றில் தொங்கவிட்டு, எங்களிடமிருந்த ஒரேயொரு சோடிப் பற்றரியையும் தீர்த்துவிட்டு வந்திருக்கும்.

திருத்துவது சுலபம். திருத்தியதை ஒத்திகை பாராமல் விடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அவசரத்தில் ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்றை உடைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்.

தவமணிக்கு அது எப்படி விளங்கும்? "மச்சாள், இப்பதானே சரியாப் போச்சுது. நான் கண்ணால கண்டனான்."

"அது பிழை, தவமணி."

"உங்கட பிள்ளையும் என்ர மனிசனும் அலைக்குள்ள நிக்குதுகள். நீங்கள் இதில இருந்து கேம் விளையாடுறீங்கள்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் திரை தெரியாது. கீழே அலை மோதும் ஒவ்வொரு முறையும் மண் அதிர்ந்தது. விடு, அனுப்பு என்று எனக்குள்ளும் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். என் பிள்ளை இல்லாமல் வேறு யாருடைய பிள்ளையோ கீழே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ அதையே செய்ய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூட்டியதை எடுத்தேன். கடலைத் தொட்டேன். பூச்சியம். உச்சியைத் தொட்டேன். ஐம்பத்தெட்டு. கூரை விளிம்பு முப்பது. திட்டு ஆறு. ஒத்திகையை ஓடவிட்டேன். மஞ்சள் ட்ரோன் முன்பு போனது போலவே போய், முன்பு நின்றது போலவே நின்றது. பார்ப்பவருக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தவமணி "அதேதானே" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள்.

பாதையில் நான் இன்னும் ஒன்று சேர்த்தேன். மூன்று இடங்களில் அது நிற்க வேண்டும். முதலில் விளிம்புக்கு வெளியே, எங்கள் கண்மட்டத்தில். அடுத்து கூரை விளிம்பின் மட்டத்தில். கடைசியாகத் திட்டுக்கு மேலே. ஒவ்வொரு இடத்திலும் அது நின்று, கண்ணால் பார்க்கும் ஒருவர் சரி என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். முதல் இடத்தை நாங்கள் பார்க்கலாம், மற்ற இரண்டையும் படகில் நிற்பவர்கள் பார்த்துச் சொல்லலாம். நிற்கும் ஒவ்வொரு விநாடியும் பற்றரியைத் தின்னும் என்று சுஜீவன் சொன்னான். தின்னட்டும் என்றேன்.

இர்ஷாத் சேர் மறுபடி எடுத்தார். வாகனச் சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறது, பிள்ளை எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

"கடல் எத்தனை?"

"பூச்சியம், சேர். இப்ப பூச்சியம்."

அந்த 'இப்ப'வை அவர் விளங்கிக்கொண்டிருப்பார். "அப்ப பிஸ்மி சொல்லி விடுங்க" என்றார்.

மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் தடித்த நைலோன் நூலைக் கொக்கியில் மாட்டி, பத்து மீற்றர் கீழே தொங்கும் நுனியில் ஈயக் குண்டு கட்டியிருந்தார்கள். மறுநுனி மீட்புக் குழுத் தலைவரின் இடுப்பில். சுஜீவன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிடித்திருந்தான், பெருவிரல் நிறுத்தும் பொத்தானில். நான் பக்கத்தில் நின்று எண்களை வாசித்தேன்.

கிளம்பியது. வெளியே போனது. எங்கள் கண்ணுக்கு நேரே, கடலைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆடாமல் நின்றது. பழைய திட்டமாக இருந்தால் அது இந்நேரம் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும். சுஜீவன் என்னைப் பார்த்தான். "சரி, போகட்டும்" என்றேன்.

இறங்கத் தொடங்கியது. விளிம்புக்குக் கீழே போய்க் கண்ணிலிருந்து மறைந்தது. திரையில் எண்கள் சறுக்கிக்கொண்டு போயின. திட்டம் கடலிலிருந்து எண்ணினாலும், கட்டுப்பாட்டுப் பெட்டி ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்துதான் எண்ணும், ஆகவே உச்சிக்குக் கீழே போகப் போக மைனஸ் காட்டும். மைனஸ் இருபத்தெட்டில் நின்றது. வானொலியில் படகுக்காரர் ஏதோ சொல்ல, தலைவர் மொழிபெயர்த்தார். "கூரை மட்டம். சரியா கூரை மட்டம், அக்கா."

"போகட்டும்."

மைனஸ் நாற்பத்திரண்டு. சுஜீவன் பொத்தானை அழுத்தப் போனான். "அக்கா, மைனஸ் நாப்பத்திரண்டு."

"அது மலையிலிருந்து. கடலிலிருந்து பதினாறு. விடு, அது உள்ளுக்குப் போகட்டும்."

உள்ளே போனது. நின்றது. அப்போது நான் எங்கள் சல்லி அம்மனைக் கூப்பிட்டேனா, கணவரைக் கூப்பிட்டேனா, நினைவில்லை. தவமணி என் சேலையைப் பின்னால் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு தலைவரின் இடுப்பில் நூல் அசைந்தது. ஒருமுறை இல்லை. யாரோ அதைப் பிடித்துச் சுண்டிச் சுண்டி இழுத்தார்கள். அவர் வாய் நிறையச் சிரித்தார். பல மணி நேரமாக அந்த உச்சியில் யாரும் சிரித்திருக்கவில்லை. வானொலியில் படகே சத்தம் போட்டது. மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. சுஜீவன் கொக்கியிலிருந்து நூலை விடுவித்து, ட்ரோனை மேலே கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான். பற்றரியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

மற்றது கயிற்றுக்காரரின் வேலை. அவர்கள் அதை அழகாகச் செய்தார்கள். தலைவர் இறங்கினார், கீழே இழுத்தார்கள், திட்டில் கால் வைத்தார். முதலில் சின்னராசா வந்தான், தூக்குப் படுக்கையில் கட்டப்பட்டு, வலியில் யாரையோ ஏசிக்கொண்டு. தவமணி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழும்பி என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகள் எலியைப் பிடித்த கைகள் என்று அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

இர்ஷாத் சேர் வந்து சேர்ந்தபோது அவர் கல்யாண வீட்டுச் சட்டையில் செம்மண். காட்டுப் பாதையில் காரை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தவர், கயிறு மறுபடி இழுபடுவதைக் கண்டு, அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

இந்தப் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ட்ரோன் எவ்வளவு கெட்டிக்காரனாகவும் வரட்டும், கடலைத் தொட்டுவிட்டு அனுப்புங்கோ. நான் அந்த வருடத்தோடு வேலையை விட்டேன். பயத்தால் இல்லை. அதற்கு மேல் செய்வதற்கு எனக்கு ஒரு பறப்பும் மிச்சமில்லை என்று தோன்றியது. ராத்திரியில் இன்னமும் திடுக்கிட்டு எழும்பி, நிவேதாவின் அறைக் கதவை மெதுவாகத் திறந்து பார்க்கிறேன். அவளுக்குத் தெரியும். தூங்குவது போல நடிக்கிறாள்.

அன்றைக்கு அந்த உச்சிக்குக் கடைசியாக அவள்தான் வந்தாள். முதலில் ஒரு கை விளிம்பில் தெரிந்தது. பிறகு உப்பு ஊறிய தலைமயிர். உதடு நீலம் பாரித்து, முழங்கை தோலுரிந்து, கயிற்றுக்காரர் தூக்கிவிட மண்ணில் முழங்காலில் வந்து விழுந்தாள். நான் அவளைப் பிடித்தேன். குளிரில் அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. பேசாதே, பேசாதே என்றேன். அவள் கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறாள்?

"அது நேர வரேல்ல, அம்மா. நிண்டது. பிறகு கொஞ்சம் வந்தது, திரும்ப நிண்டது. பிறகும் வந்து, எங்கட தலைக்கு மேல நிண்டது." மூச்சு வாங்கினாள். நடுக்கத்துக்கு நடுவில் அவள் முகத்தில் அந்த நையாண்டிச் சிரிப்பு வந்தது. "அப்பவே நான் மாமாவுக்குச் சொன்னனான், அம்மா வாறா எண்டு."